குடல்வால் அழற்சி: நலம் பெறும் காலம் ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது?

குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவர் மூன்றாம் நாளே நடந்து வீடு செல்கிறார். அதே சிகிச்சை பெற்ற மற்றொருவர் பத்து நாள்கள் படுக்கையில் இருக்கிறார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்னவென்று உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். வலி தொடங்கியபின் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தனர் என்பதே பெரும்பாலும் அதற்கு விடையாகும்.

நோய் தோன்றும் விதம்

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில், விரல்போல் நீண்டிருக்கும் சிறு குழாய். இறுகிய மலத்துணுக்கோ வீங்கிய நிணநீர்த் திசுவோ அதன் வாயை அடைத்தால், உள்ளே நீர் தேங்கிக் கிருமிகள் பெருகுகின்றன. வீக்கம் மிகுந்து இரத்த ஓட்டம் குன்றும்போது அதன் சுவர் அழுகித் துளைபடுகிறது.

வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தோன்றி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகர்வது வழக்கம். பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவை உடன் வரும். குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோரிடம் இவ்வறிகுறிகள் மாறுபடலாம். அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

தாமதத்தால் நேர்வது

சூட்டு வலி, வாய்வுப் பிடிப்பு என்று கருதி விளக்கெண்ணெய் கொடுப்பதும், கடையில் மாத்திரை வாங்கி ஓரிரு நாள் பார்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பேதி மருந்து குடலசைவைத் தூண்டித் தீங்கு விளைவிக்கக்கூடும். நேரம் செல்லச் செல்ல, குறிப்பாக ஒன்றரை நாளைக் கடந்தபின், துளைபடும் வாய்ப்பு கூடுகிறது. துளைபட்டவுடன் வலி சிறிது தணிவதும் உண்டு. அதனைக் குணமென்று எண்ணலாகாது. சீழ் வயிற்றுக்குள் பரவி, வலி மீண்டும் கடுமையாகும்.

1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவைத் தள்ளிவைக்க மனமின்றி வலியைப் பொறுத்திருந்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 24 அன்று, அறுவை செய்து சீழ் அகற்றப்பட்டது. விழா ஆகஸ்டு 9-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் இருப்போர் பொழுது சாயும் முன்பே முடிவெடுப்பது நன்று. வலி சில மணி நேரத்தில் தணியாவிடில் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால், வரும் வழியில் உணவோ காப்பியோ தர வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின்

துளைபடும் முன் லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றப்பட்டவர் பொதுவாக ஓரிரு நாளில் வீடு திரும்புவார். இரண்டு வாரங்களில் எளிய வேலைகளைத் தொடங்கலாம். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் இக்காலம் சற்று நீளும். துளைபட்டிருந்தால் பல நாள்கள் நரம்பு வழியே மருந்து செலுத்த வேண்டியிருக்கும். சீழ் வடியக் குழாய் பொருத்தவும் நேரலாம். கட்டுப்படாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், இரத்தசோகை ஆகியவை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இவை இருப்பின் முன்னரே எங்களிடம் கூறுங்கள்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை:

• மருத்துவர் இசைவு தந்ததும் நோயாளியைக் கைத்தாங்கலாக நடக்கச் செய்யுங்கள். நடந்தால் குடலசைவு விரைவில் திரும்பும். காலில் இரத்தம் உறைவதும் தடுக்கப்படும்.

• பத்தியம் என்று முட்டை, பருப்பு, கீரை ஆகியவற்றை விலக்காதீர்கள். புண் ஆறப் புரதம் இன்றியமையாதது.

• தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, தக்காளிக் கூடை முதலியவற்றைத் தூக்க வேண்டாம். பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குத் திரும்புவோர், எந்நாள் முதல் பளு தூக்கலாம் என்பதைக் கேட்டறிந்தபின் புறப்படுக.

• புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள்.

• அகற்றப்பட்ட குடல்வாலின் திசுப் பரிசோதனை அறிக்கையை மறவாமல் பெற்று மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அதில் கட்டி காணப்படுவதுண்டு.

உடனே திரும்பி வர வேண்டிய நிலை

100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, தொடர் வாந்தி, வயிற்று உப்புசம், புண்ணில் சிவப்போ சீழோ தோன்றுதல், கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால், குறித்த நாள் வரை காத்திராமல் எந்நேரமாயினும் வாருங்கள். வீடு திரும்பி ஒரு வாரம் கழித்தும் வயிற்றுக்குள் சீழ் சேர்வதுண்டு. விரைவில் கண்டறிந்தால் பெரும்பாலும் மருந்தாலும் சிறு குழாயாலுமே அதனைச் சரிசெய்ய இயலும்.