கறையும் கையும்

இருசக்கர வாகனங்களைப் பழுதுநீக்கும் பட்டறைகளில், பணிமுடிந்ததும் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கைகழுவுவது நெடுநாள் வழக்கம். கிரீஸ் நொடியில் கரைந்துவிடுவதால் அவற்றின்மேல் தொழிலாளர்க்கு நம்பிக்கை மிகுதி. ஆயின், தோலின் மேலடுக்கில் நின்று ஈரத்தைக் காக்கும் கொழுப்பையும் அவை உடன் கரைத்துவிடுகின்றன. காவல் இழந்த தோல் உலர்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே பழைய எஞ்சின் எண்ணெயும் உலோகத் துகளும் உட்புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. துணி துவைக்கும் தூளும் இதற்கு மாற்றாகாது. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. அத்தூளோ காரத்தன்மை மிக்கது.

எண்ணெய்க் கறையை எண்ணெயே இளக்கும். உலர்ந்த கையில் சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்தபின் சோப்பிடுதல் செலவு குறைந்த நல்வழி. சோப்பு மூலக்கூறின் ஒருமுனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றுவதால், எஞ்சிய எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நீரோடு செல்கிறது. பட்டறைகளுக்கென விற்கப்படும் கைகழுவும் பசைகளில் தேய்ப்புத் துகள்களும் கலந்திருக்கும். மென்மையான துகளே ஏற்றது. கூரிய மணல் கறையோடு தோலையும் கீறும். காயம்பட்ட கைக்குத் துகளற்ற பசையே நன்று.

கொத்தனாரின் கைக்கு இம்முறை பொருந்தாது. ஈரச் சிமெண்டின் பிஎச் மதிப்பு 12க்கும் மேல். அது கறையன்று, தோலை அரிக்கும் காரம். வேலை முடியும்வரை காத்திராமல், பட்டவுடனே தூய நீரை மிகுதியாக ஊற்றிக் கழுவுதல் வேண்டும். கையுறைக்குள் சிமெண்ட் நீர் புகுந்துவிட்டால், அக்கையுறையே காரத்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். அதனை உடனே கழற்றிவிடுதல் நலம்.