'வெள்ளையர்' கட்டத்துக்குள் யார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், டெட்ராய்ட் பெருநகரம் ஏறக்குறைய நாற்புறமும் சூழ்ந்திருக்க, நடுவே ஒரு தீவைப்போல அமைந்திருக்கிறது ஹாம்ட்ராமிக் என்னும் சிறு நகரம். பரப்பளவு ஏறத்தாழ ஐந்தரை சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 28,433. சென்னையின் ஒரே ஒரு வார்டில் இதைவிட அதிகமானோர் வசிப்பார்கள். இந்நகரின் இனவாரி அட்டவணையைப் பார்ப்பவருக்கு வியப்பூட்டும் எதுவும் உடனே தென்படாது. 2010 கணக்கெடுப்பில் வெள்ளையர் ஏறத்தாழ 54 சதவீதம். ஆசியர் 21 சதவீதத்துக்குச் சற்று மேல். கறுப்பினத்தவர் 19 சதவீதம். பாதிக்கு மேல் வெள்ளையர் வாழும் மற்றுமொரு அமெரிக்க நகரம் என்றெண்ணி அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடலாம்.

ஆனால், அமெரிக்காவிலேயே முஸ்லிம் உறுப்பினர்கள் பெரும்பான்மையாக அமைந்த முதல் நகர்மன்றம் 2015-இல் இங்குதான் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2021 தேர்தலுக்குப் பிறகு மேயரும் மன்ற உறுப்பினர்கள் அனைவரும் முஸ்லிம்கள். அத்தேர்தலில் மேயரான அமீர் காலிப் யேமனில் பிறந்தவர். மதம் வேறு, இனம் வேறு என்பது உண்மையே. அந்த மன்றத்திலேயே போலந்து வம்சாவளியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய ஒருவரும் இருந்தார். என்றாலும், அட்டவணைக்கும் தேர்தல் முடிவுக்கும் இடையிலான இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளை மூலமாகக் கொண்டவர் எவரும் 'வெள்ளையர்' என்பதே அமெரிக்க அரசு நெடுங்காலம் கையாண்டுவரும் வரையறை. எனவே, போலந்து மூதாட்டியும் அவருடைய அண்டை வீட்டில் குடியேறிய யேமனியரும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுகிறார்கள்.

இந்த நகரம் உருவான கதையே மோட்டார் ஆலையின் கதை. 1910-இல் இங்கு வாழ்ந்தவர்கள் 3,559 பேர். டாட்ஜ் சகோதரர்களின் கார் தொழிற்சாலை எழுந்தது. பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை 48,615 ஆனது. வந்தவர்களில் மிகப்பெரும்பாலோர் போலந்து நாட்டவர். 1987-இல் போப் இரண்டாம் ஜான் பால் இந்தச் சிற்றூருக்கு வந்து போனதற்கு, அவரும் போலந்துக்காரர் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்தப் போலந்து மக்களும் வந்த நாளிலேயே மனமார ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் அல்லர். தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வருவோரைக் குறைப்பதற்கென்றே 1924-இல் குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1980-இல் டாட்ஜ் ஆலை மூடப்பட்டது. இளைய தலைமுறையினர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். மலிவாகக் கிடைத்த வீடுகளை நாடி யேமனியரும் போஸ்னியரும் வங்கதேசத்தவரும் வந்தனர். வங்கதேசத்தவரில் பலர் நியூயார்க்கின் வாடகைச் சுமை தாளாமல் இங்கு வந்தவர்கள்.

இனி, யேமனியர் எப்படி வெள்ளையர் ஆனார்கள் என்பதைப் பார்ப்போம். அக்காலத்தில் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கும் குடியேறி 'வெள்ளையர்' என்றோ ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றோ நிரூபித்தாக வேண்டும். 1942-இல் அகமது ஹசன் என்னும் யேமனியரின் விண்ணப்பம், ஹாம்ட்ராமிக்கை உள்ளடக்கிய கிழக்கு மிச்சிகன் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் வந்தது. அவரது தோலின் கருமை, முகமதிய சமயம், ஐரோப்பாவிலிருந்து அவர் நாடு அமைந்துள்ள தொலைவு ஆகியவற்றைக் கருதிய நீதிபதி ஆர்தர் டட்டில், அரேபியர் வெள்ளையர் அல்லர் எனக் கூறி விண்ணப்பத்தை நிராகரித்தார். இரண்டே ஆண்டுகளில், 1944-இல், மாசசூசெட்ஸில் இன்னொரு கூட்டாட்சி நீதிமன்றம் மற்றோர் அரேபியரை வெள்ளையர் என ஏற்றுக் குடியுரிமை வழங்கியது. இரண்டு ஆண்டுகளில் யாருடைய தோலும் நிறம் மாறவில்லை. உலகப் போரின் நடுவே அரபு நாடுகளின் நல்லெண்ணம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது.

இந்தியர்களாகிய நமக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திந்த், தாம் ஆரிய இனத்தவர் என்பதால் வெள்ளையரே என வாதிட்டார். சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்று யாரை நினைக்கிறானோ அவரே வெள்ளையர் என்று கூறி, 1923-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவரது வாதத்தைத் தள்ளியது. பல இந்தியர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதே இந்தியர்கள் 1970 கணக்கெடுப்பில் வெள்ளையராக எண்ணப்பட்டார்கள்! இந்திய வம்சாவளி அமைப்புகள் வலியுறுத்தியதன் விளைவாக 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்னும் தனிக்கட்டம் கிடைத்தது. வெள்ளையராக நீடிப்பதில் பெருமை இருக்கலாம். பாகுபாட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு கோர அந்தப் பெருமை உதவாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு வாக்குச்சீட்டே சான்று. ஆங்கிலம் போதிய அளவு அறியாத மொழிச் சிறுபான்மையினர் வாக்களிக்கும் வயதுடைய குடிமக்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவர்களின் மொழியில் தேர்தல் ஆவணங்களை அளிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆவது பிரிவு. இதன்படி ஹாம்ட்ராமிக் நகரம் வங்க மொழியில் வாக்குச்சீட்டு அச்சிட வேண்டும் என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. அரபு மொழி பேசுவோருக்கு அந்த உரிமை இல்லை. ஆசியர், அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்கா பூர்வகுடிகள், ஸ்பானிய மரபினர் ஆகிய நான்கு பிரிவினரே அச்சட்டத்தின்படி மொழிச் சிறுபான்மையினர். ஒரே தெருவில் வாழும் இரு புதிய குடிமக்களில் வங்கதேசத்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. யேமனியர் உள்ளூர் நிர்வாகத்தின் பெருந்தன்மையை நம்பியிருக்க வேண்டும். அருகிலுள்ள டியர்பார்ன் நகர்மன்றம் 2022-இல் தானே முன்வந்து அரபு வாக்குச்சீட்டுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது இத்தகைய பெருந்தன்மைதான்.

இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. 1999 நகராட்சித் தேர்தலில், தோல் கருத்தவர்களையும் அரபுப் பெயர் கொண்டவர்களையும் வாக்குச்சாவடியிலேயே ஒரு குழுவினர் மறித்து, அவர்களின் குடியுரிமையைக் கேள்விக்குள்ளாக்கினர். சத்தியப்பிரமாணம் செய்த பிறகே அவர்கள் வாக்களிக்க முடிந்தது. அமெரிக்க நீதித் துறை தலையிட்ட பின் 2000-இல் நகர நிர்வாகம் உடன்பாட்டு ஆணைக்குப் பணிந்தது. கணக்கெடுப்பில் வெள்ளையர், வாக்குச்சாவடியில் அந்நியர்.

கறுப்பின மக்களின் நிலை வேறு. அவர்களுடைய கட்டம் எது என்பதில் எவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. துன்பம் வந்ததும் அதனால்தான். நகர்ப்புறச் சீரமைப்பு என்னும் பெயரில் அவர்களின் குடியிருப்புகளை இடித்து ஊரைவிட்டு வெளியேற்றியது நகராட்சி. 1968-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், இது திட்டமிட்ட இனப் பாகுபாடே என 1971-இல் நீதிபதி டேமன் கீத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின்படி மாற்று வீடுகளைக் கட்டித் தருவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அன்று வீடிழந்தவர்களில் பலர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

2024 மார்ச் மாதம் அமெரிக்க அரசு தனது இனவரையறைத் தரநிலையைத் திருத்தி, 'மத்தியக் கிழக்கு அல்லது வட ஆப்பிரிக்கர்' என்னும் தனிப்பிரிவைச் சேர்த்தது. அரபு அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கோரிக்கை இது. 2020 படிவத்தில் வெள்ளையர் கட்டத்தின் கீழ் பூர்விகத்தை எழுத இடமளித்தபோதே, ஏறத்தாழ 35 லட்சம் பேர் தம்மை இப்பகுதியினராகக் குறிப்பிட்டிருந்தனர். தனிக்கட்டம் நியாயமானதே என்பது என் கருத்து.

எனினும், எண்ணப்படுவதில் அச்சத்துக்கும் இடமுண்டு. அரபு வம்சாவளியினர் எந்தெந்த நகரங்களில், எந்தெந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்னும் அட்டவணையை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வேண்டுகோளை ஏற்றுக் கணக்கெடுப்பு அலுவலகம் தயாரித்துக் கொடுத்தது 2004-இல் வெளியானது. தனிநபர் பெயர் எதுவும் தரப்படவில்லை, சட்டமும் மீறப்படவில்லை என விளக்கம் அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களைச் சுற்றிவளைக்கக் கணக்கெடுப்புத் தரவுகள் பயன்பட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த விளக்கம் ஆறுதல் அளித்திருக்காது.

2027-இல் சாதிவாரிக் கணக்கெடுப்பை எதிர்நோக்கியிருக்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு. 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள், 2011-ஆம் ஆண்டின் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்தைத் தாண்டின. உட்பிரிவு, குடும்பப் பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனிச் சாதிகளாகிவிட்டன. அமெரிக்கா மிகச் சில கட்டங்களுக்குள் மக்களை அடைத்தது. நாம் கட்டமே வகுக்காமல் எழுதச் சொன்னோம். ஹாம்ட்ராமிக்கின் யேமனியர் காணாமற்போனது முதல் முறையில். நம் நாட்டின் சிறு சமூகங்கள் பல காணாமற்போனது இரண்டாம் முறையில்.

அமெரிக்காவின் அடுத்த கணக்கெடுப்பு 2030-இல் நடைபெற வேண்டும். அதன் படிவத்தில் புதிய கட்டம் இடம்பெற்று, ஹாம்ட்ராமிக்கின் யேமனியர் அத்தனை பேரும் அதைத் தேர்ந்தெடுத்தாலும், அரபு மொழி வாக்குச்சீட்டு அவர்களின் உரிமையாகிவிடாது. 203-ஆவது பிரிவின் நால்வர் பட்டியலில் ஐந்தாவது பெயரைச் சேர்க்கும் அதிகாரம் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.