கறுக்காத புகையும் கெடுதலே



நமது தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று கொழும்பில் வேலை செய்கிறார்கள். வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளிலும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் காலை முதல் இரவு வரை பஸ், லொறிப் புகைக்கு முன்னால்தான் அவர்கள் நிற்கிறார்கள். "கொழும்புக்குப் போனதிலிருந்து இருமல் விடுதில்லை" என்று தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் சொல்வதுண்டு. ஆகவே டீசல் புகையைப் பற்றிச் சில விஷயங்களை விளக்க விரும்புகிறோம்.

டீசல் புகையில் முக்கியமான கெடுதல்கள் இரண்டு. ஒன்று கரி, அது கண்ணுக்குத் தெரியும். மற்றது நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள். இவை பெரும்பாலும் தெரியாது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசன். அது சும்மா இருக்கும் வரை தொந்தரவில்லை. எஞ்சினுக்குள் கடும் சூட்டில் ஒட்சிசனுடன் சேரும்போதுதான் இந்த வாயுக்கள் உண்டாகின்றன. இவை சுவாசக் குழாயை உறுத்தும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கூட்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் அறிவித்தது.

இலங்கையில் 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையில் டீசல் வாகனத்துக்கு அளப்பது புகையின் கறுப்பைத்தான். எனவே "புகை கறுப்பா இல்லை, காற்று சுத்தம்தான்" என்று இருந்துவிடக் கூடாது.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. அதன் பெயர் ஊக்கி. தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டிப் பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறதல்லவா? கொழுந்திலேயே உள்ள நொதியம் செய்யும் வேலை அது. தான் செலவாகாமல் காரியத்தை வேகமாக்கும் பொருளே ஊக்கி. புதுமாதிரி லொறிகளின் புகைக்குழாயில் ஊக்கி பூசிய பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு முன்னால் யூரியாக் கரைசலைத் தெளிப்பார்கள். அதில் 32.5 வீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சூட்டில் யூரியாவிலிருந்து அமோனியா வரும். ஊக்கியின் மேல் அமோனியாவும் கெட்ட வாயுவும் சேர்ந்து, சாதாரண நைதரசனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். 2020 ஏப்ரலில் இந்தியா சட்டத்தைக் கடுமையாக்கிய பின் அங்கே பெரிய லொறிகளில் இம்முறை பரவியது.

டிரைவர் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. "யூரியாதானே, உர ஸ்டோரில் இருக்கே, கரைச்சு ஊத்தினா என்ன?" என்று நினைக்க வேண்டாம். உர யூரியாவில் உள்ள அசுத்தம் தெளிக்கும் குழாயை அடைத்து, ஊக்கியையும் பாழாக்கிவிடும். இதற்கென்று விற்கும் கரைசலை மட்டும் ஊற்றுங்கள்.

பழைய பஸ், லொறிகளில் இந்த வசதி இல்லை. ஆகவே கொழுந்து ஏற்ற நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். கதவடைத்த கராஜில் எஞ்சினை ஓட விடாதீர்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் "புகைதான் காரணம்" என்று விட்டுவிடாமல், அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அது காசநோயாகவும் இருக்கலாம். கொழும்பிலுள்ள உங்கள் பிள்ளைகளுக்கும் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.