கேட்டு வாசிப்போருக்காக: ஒலிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கு

கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை சிகிச்சை பெரும்பாலும் மீட்டுத் தந்துவிடுகிறது. கண்நீர் அழுத்த நோயால் இழந்த பார்வை அவ்வாறு மீள்வதில்லை. நீரிழிவு விழித்திரையைச் சிதைத்த பின்னரும், முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்த பின்னரும், எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதே பல வேளைகளில் சிகிச்சையின் நோக்கமாகிவிடுகிறது. மையப் பார்வையை இழந்தவர் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார். முற்றத்துத் தென்னையைக் காண்பார். அச்செழுத்து மட்டும் அவருக்கு வசப்படாது.

கண் மருத்துவப் பிரிவுக்கு வருவோருள் பலர் நாள்தோறும் வாசித்துப் பழகியவர்கள். கவிமணியின் பாடல்களும், சுந்தர ராமசாமி, தோப்பில் முஹம்மது மீரான் ஆகியோரின் கதைகளும் பிறந்த மண் இது. வாசிப்பு நின்றபின் இவர்களிடம் காணும் சோர்வை மருந்துச் சீட்டு ஒன்றினால் போக்க இயலாது. ஆகவே உடன் வருவோரிடம் நாங்கள் கேட்பதுண்டு: "வீட்டில் பழைய கேசட்டுகள் இருக்கின்றனவா?"

பெரும்பாலும் இருக்கின்றன. கதை வாசிப்புகள், சொற்பொழிவுகள், விவிலிய வாசிப்பு, திருக்குர்ஆன் விளக்கம், கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு என அலமாரியின் அடித்தட்டில் அவை அடுக்கப்பட்டிருக்கும். வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர்க்குக் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகளும் சில வீடுகளில் உண்டு. அவற்றை இயக்கும் கருவி பழுதாகியிருக்கும். அல்லது நாடா சிக்கிக்கொள்ளும். இவற்றைக் குறுந்தகட்டுக்கு மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான்.

ஏன் காலம் தாழ்த்தலாகாது

பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் 1930-களில் இசைத்தட்டு வடிவில் தொடங்கின. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், அவற்றை எளிதில் கையாளத்தக்கதாக்கியது. அதன் நாடா நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுடையது. மெல்லிய பாலியெஸ்டர் படலத்தின் மேல் காந்தத் துகள்கள் பசைப்பொருளால் ஒட்டப்பட்டிருக்கும். வெப்பமும் ஈரமும் அப்பசையைத் தளர்த்துகின்றன. இரு பருவமழைகளையும் கடற்காற்றையும் பெறும் நம் மாவட்டத்தில் நாடாவின்மேல் பூஞ்சை படர்வது இயல்பு. 120 நிமிட கேசட்டின் நாடா மிகவும் மெல்லியது. அது நீளவும் சிக்கவும் வாய்ப்பு அதிகம் என்பதால் முதலில் அதை மாற்றுவது நலம்.

தொடங்குமுன்

நாடாவின் சுருளில் வெண்மையான பொடி அல்லது நூலிழை போன்ற படலம் தென்பட்டால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதை இயக்கினால் கருவியும், கருவி வழியே பிற கேசட்டுகளும் மாசுபடும். அதைத் தனியே ஓர் உறையிலிட்டு ஒதுக்கி வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் பூஞ்சை படிந்த பொருள்களைத் தொடலாகாது. பிறர் கையாளும்போதும் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் நோயாளியிடமிருந்து விலகி அமர வேண்டும். ஈரம் போகட்டும் என்று நாடாவை வெயிலில் காயவைப்பது தவறு.

நல்ல நிலையிலுள்ள கேசட்டின் மேல்விளிம்பில் இரு சிறு பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால், கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. பின்னர் கருவியின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைக்க வேண்டும். ஹெட்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு ஏற்றது. நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றுவது, ஒட்டியிருக்கும் சுருள்களைப் பிரிக்கும்.

பதிவு செய்தல்

கருவியின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பி வழியே கணினியின் லைன்-இன் துளைக்கு இணைப்பு தர வேண்டும். அத்துளை இல்லாத கணினிக்கு, யுஎஸ்பி வழியே இணையும் சிறிய ஒலி அடாப்டர் போதும். பதிவுக்கு ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் பலருக்கும் பயன்படுகிறது. ஒலி அளவைக் காட்டும் பட்டை உச்சத்தைத் தொடாதவாறு வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் சிதைந்த குரலைப் பின்னர் சீர்செய்வது கடினம். கேசட் ஓடும் நேரமே பதிவுக்கும் ஆகும்: 90 நிமிட கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

பதிவானபின் நாடாவின் இரைச்சலை முற்றிலும் நீக்கிவிட வேண்டும் என்ற ஆவல் எழும். இங்கே மருத்துவ நோக்கில் ஓர் எச்சரிக்கை. முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. ச, ஸ போன்ற ஒலிகளைப் பிரித்தறிய உதவுவதும் அவ்வுயர் அதிர்வெண்களே. இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டினால் அவையும் மழுங்கிவிடும். இளைஞர் காதுக்குத் துப்புரவாகத் தோன்றும் பதிவு, பாட்டியின் காதுக்கு முணுமுணுப்பாக இருக்கும். எனவே யார் கேட்கப்போகிறாரோ அவரிடமே இரு மாதிரிகளையும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

குறுந்தகட்டின் கொள்ளளவு

சாதாரண ஒலிக் குறுந்தகடு 80 நிமிடங்களையே கொள்ளும். ஆகவே 60 நிமிட கேசட் ஒன்று அதில் அடங்கும். 90 நிமிட கேசட் அடங்காது. குரலை மட்டும், எம்பி3 வடிவில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 29 மெகாபைட் ஆகும். அக்கணக்கில் 700 மெகாபைட் தகடு ஒன்றில் சுமார் 24 மணி நேரம், அதாவது 90 நிமிட கேசட்டுகள் பதினாறு அடங்கும். ஆனால் வீட்டிலுள்ள சிடி கருவி எம்பி3 வடிவை வாசிக்குமா என்பதை முதலில் சோதித்தறிய வேண்டும்.

இனி, பார்வை குறைந்தவருக்கு மிகவும் இன்றியமையாத ஒன்று. கேசட்டை எந்த இடத்தில் நிறுத்தினோமோ அங்கிருந்தே அது மீண்டும் பேசும். குறுந்தகட்டுக் கருவிகள் பலவும் அணைத்துப் போட்டால் தொடக்கத்துக்கே திரும்பிவிடும். ஒரு மணி நேரக் கதையை ஒரே தடமாகப் பதிந்தால், விட்ட இடத்தைத் தேடுவதே கேட்பவருக்குத் தொல்லையாகிவிடும். சில நாளில் கேட்பதையே நிறுத்திவிடுவார். எனவே ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு ஒரு தடமாகப் பிரியுங்கள். "பன்னிரண்டாம் தடம் வரை கேட்டேன்" என்று நினைவில் கொள்வது எளிது. கோப்புகளுக்கு 01, 02 என இரண்டு இலக்கத்தில் பெயரிட்டால் வரிசை குலையாது.

தகட்டின்மேல் தாள் ஒட்டுவதைத் தவிர்த்து, அதன் உறையில் தடவி அறியும் அடையாளம் இடுங்கள்: முதல் தகட்டுக்கு ஒரு ரப்பர் பட்டை, இரண்டாவதற்கு இரண்டு. பிரெயில் அறிந்தவர்க்குப் பிரெயில் பட்டை ஒட்டலாம். பதியும் தகட்டில் உள்ள சாய அடுக்கு ஒளியால் கெடக்கூடியது. சன்னலோரம் வைக்க வேண்டா. தகடும் நிலையானதன்று என்பதால் அதே கோப்புகளைப் பென் டிரைவ் ஒன்றிலும் நகலெடுத்து, மூல கேசட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சட்டமும் பிற வழிகளும்

மாற்றுத்திறனாளிகள் தமக்கேற்ற வடிவில் நூல்களைப் பெறுவதற்கு, 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. இதே நோக்குடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. எனினும் இச்சலுகை பயனாளியின் வாசிப்புக்கே உரியது. நகல்களை விற்பதற்கு அன்று. 2016-இல் தொடங்கப்பட்ட 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகத்தில், அச்சு நூலை வாசிக்க இயலாதோர் உறுப்பினராகிப் பல இந்திய மொழி நூல்களைப் பெறலாம்.

ஒலிவடிவில் கிடைக்காத நூலை வீட்டிலுள்ளோரே வாசித்துப் பதிவு செய்யலாம். கைபேசி ஒன்றும் அமைதியான அறையும் போதும். நாஞ்சில் நாட்டுப் பேச்சை இம்மண்ணில் வளர்ந்த பேத்தியின் குரலில் கேட்பதில் உள்ள நெருக்கத்தை இயந்திரக் குரலால் தர இயலாது.

ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வாசிக்க முடியவில்லை என்றதும் முதுமையின் விளைவு என்று முடிவுகட்டாமல் முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணம் கண்புரையாகவோ, மாற்ற வேண்டிய கண்ணாடியாகவோ இருக்கலாம். மாற்றும் பணியைத் தொடங்கும்போது, கடையில் வாங்கிய கேசட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவற்றின் வேறு படி எங்கேனும் கிடைக்கக்கூடும். வீட்டார் குரல் பதிந்த கேசட்டுக்கு வேறு படி இல்லை. அதை முதலில் எடுங்கள்.