கீழ்ப் பல் செட் ஆடுகிறதா? எஞ்சிய பற்களைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கீழ்த்தாடையில் முன்பற்கள் மட்டும் எஞ்சியிருக்கும் முதியவர்கள் பலர் கழற்றிப் பூட்டும் பல் செட் அணிகிறார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுபவர்களும் உண்டு.

காரணம் எளிது. செட்டின் முன்பகுதியை உறுதியான பற்கள் பிடித்திருக்கின்றன. பின்பகுதி மென்மையான முரசில் கிடக்கிறது. கடிக்கும்போது பின்பக்கம் அமிழ்கிறது, முரசு புண்ணாகிறது, கொக்கி மாட்டிய பற்களும் தளர்கின்றன. பல் போன இடத்தில் எலும்பு தேயத் தேய ஆட்டம் கூடுகிறது.

இதற்கு ஒரு வழி, கடைவாய்ப் பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொரு டைட்டேனியம் திருகை எலும்பில் பொருத்துவது. ஆனால் கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குச் செல்லும் நரம்பு ஓடுகிறது. எலும்பு தேய்ந்தவருக்கு நீளமான திருகு அந்த நரம்பைத் தொட்டால் உதடு மரத்துப்போகலாம். 8 மில்லிமீற்றரோ அதற்கும் குறைவாகவோ உள்ள குட்டைத் திருகு நரம்புக்கு மேலேயே நின்றுவிடும். எலும்பு ஒட்டும் சத்திரசிகிச்சையையும் பலருக்குத் தவிர்க்கும். சுமார் 3 மாதங்களில் எலும்பு அதைப் பற்றிக்கொண்டதும், சட்டையின் அழுத்து பொத்தான்போலச் செட் அதில் பூட்டும். நிலையான பற்கள் கட்டுவதைவிடத் திருகுகளும் செலவும் குறைவு.

கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் திருகைத் தோற்கடிக்கக்கூடும். பாக்குடன் வெற்றிலை போடுபவர்கள் முதலில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். பாக்கினால் வாய் இறுகியவருக்குக் கடைவாயில் திருகு வைப்பதும் கடினம்.

எஞ்சிய பற்களைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன், எக்ஸ்ரேயில் எலும்பின் உயரத்தை அளந்து சொல்லுமாறு பல் வைத்தியரிடம் கேளுங்கள்.