வேனில் மஞ்சள் விளக்கு எரிகிறதா? ஆக்சிஜன் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாம்

உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்லவும், சொசைட்டிக்குப் பால் கேன் ஏற்றவும், உர மூட்டை கொண்டு வரவும் இன்று பல விவசாயிகள் சொந்தமாகப் பெட்ரோல் வேனோ காரோ வைத்திருக்கிறார்கள். இந்த வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால், பறித்த கத்தரியும் வெண்டையும் வீட்டிலேயே வாடிப் போகும். ஆகையால் உழவு மாட்டைக் கவனிப்பது போலவே வண்டியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

டிரைவர் முன்னால் உள்ள எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரியும். பெட்ரோல் செலவு கூடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார்கள். இதை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. ஆயில் மாற்றவும் பிளக் கழற்றவும் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் அது உண்மையில் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதே முக்கியம்.

சென்சாரின் வேலை என்ன?

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த அளவு சற்றுக் குறையும். எரிந்து வெளியேறும் புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிந்து, எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே இந்தச் சென்சாரின் வேலை. அதைக் கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. 1976-ல் வோல்வோ கார்களில் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் இது வந்துவிட்டது.

பார்வைக்கு இது ஸ்பார்க் பிளக் போலிருக்கும். புகைக்குழாயில் மரை மூலம் திருகப்பட்டிருக்கும். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் உண்டு. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். விரைவில் சூடேற்றுவதற்காக உள்ளேயே சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பொதுவாக நான்கு ஒயர்கள் இருக்கும். இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சைகைக்கு, மற்றது எர்த்.

பல வண்டிகளில் இரண்டு சென்சார்கள் உண்டு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது முதலாவது. பெட்ரோல் அளவை நிர்ணயிப்பதில் இதற்கே முக்கியப் பங்கு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது, கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று கவனிப்பது.

முதல் சென்சார் கெட்டால் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகலாம். மைலேஜ் குறையும், சைலன்சர் வாயில் கரி படியும், நிற்கும்போது எஞ்சின் உதறும். அப்படியே நெடுநாள் ஓட்டினால் கன்வெர்ட்டரும் கெட்டுவிடும். சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவென்றால், கன்வெர்ட்டருக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும்.

இலை மஞ்சளானால் யூரியா மட்டும்தானா?

பயிரின் இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வேரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். காரணம் பார்க்காமல் யூரியா போட்டால் பணம்தான் வீண். மஞ்சள் விளக்கும் அப்படியே. சென்சார் செய்தி சொல்லும் ஆள். செய்தி கெட்டதாக இருந்தால், சொன்னவனே கெட்டவன் என்று ஆகாது.

எங்கள் வேனில் நடந்ததைச் சொல்கிறேன். விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். நான்கே நாளில் மீண்டும் எரிந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வைக்கோற்போர் ஓரமாக நிறுத்திய வேனில் எலி ஏறி, சென்சாருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரைக் கடித்திருந்தது. அறுந்தும் அறாமலும் தொட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு அங்குல ஒயரைச் சரி செய்ததும் விளக்கு எரியவில்லை. நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்திருந்தோம்.

சோதிக்கும் முறை

1. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் மாட்டும் சிறு ஸ்கேனர்கள் கடைகளில் கிடைக்கின்றன. செல்போனில் கோளாறு எண்ணைக் காட்டும். பி0130 முதல் பி0135 வரையான எண்கள் முதல் சென்சாரையும் அதன் ஒயரையும், பி0136 முதல் பி0141 வரை இரண்டாம் சென்சாரையும் அதன் ஒயரையும் குறிக்கும். பி0135, பி0141 இரண்டும் ஹீட்டர் சம்பந்தப்பட்டவை. பி0171 என்றால் காற்று மிகுதி, பி0172 என்றால் பெட்ரோல் மிகுதி. இவ்விரண்டிலும் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. காற்றுக் குழாய் வெடிப்பு, பெட்ரோல் பம்ப்பின் பலவீனம், இன்ஜெக்டர் ஒழுகுதல் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

2. கனெக்டரைக் கழற்றி, துரு, ஈரம், எலிக்கடி உண்டா என்று பாருங்கள். ஹீட்டர் பியூஸையும் பாருங்கள்.

3. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலோ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது "டிக் டிக்" என்று சத்தம் வந்தாலோ அங்கே கசிவு உண்டு. அவ்வழியே வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும்.

4. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சென்சார் பக்கத்து ஹீட்டர் ஒயர்கள் இரண்டிலும் தொடுங்கள். பெரும்பாலும் இவ்விரண்டும் ஒரே நிறமாக இருக்கும். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் சுற்று அறவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது.

5. கனெக்டரை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சற்று வேகம் கூட்டி வையுங்கள். முதல் சென்சாரின் சைகை ஒயரில் சுமார் 0.1 வோல்டுக்கும் 0.9 வோல்டுக்கும் இடையே மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ மெதுவாக அசைந்தாலோ சென்சார் மேல் சந்தேகம் வரும். சில புதிய வண்டிகளில் வேறு வகைச் சென்சார் இருப்பதால் இச்சோதனை பொருந்தாது. அவற்றுக்கு ஸ்கேனரே சரி.

வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தால் கை வைக்காமல் அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது.

வாங்கும்போது

சென்சாரின் மேல் பொறித்துள்ள எண்ணையும் வண்டியின் சேசிஸ் எண்ணையும் காட்டி வாங்குங்கள். முன் சென்சாரும் பின் சென்சாரும் ஒரே மரையாக இருந்தாலும் ஒயர் நீளமும் கனெக்டரும் மாறும். கனெக்டருடன் வருவதே சிறந்தது. ஒயரை வெட்டி இணைக்கும் வகையை வாங்கினால், அதனுடன் வரும் இணைப்புகளை அழுத்திப் பொருத்த வேண்டும். ஈயப்பற்று வைக்கக் கூடாது. சில சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை ஒயரின் உள்வழியாகவே எடுத்துக்கொள்கின்றன. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும்.

கழற்றும் முறை

பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாக இருக்கும். ஒயர் நுழைய ஒரு பக்கம் பிளவுபட்ட சென்சார் சாக்கெட் கிடைத்தால் மேலும் நல்லது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். அடியில் போக வேண்டுமானால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது; உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே படுக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

மரையில் முந்திய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது மரை எளிதில் இளகும். ஆனால் இப்போதுதான் ஓடி வந்த வண்டியின் குழாய் கையைப் பொசுக்கிவிடும். ஆகையால் போதுமான நேரம் ஆறவிட்டுக் கையுறையுடன் வேலை செய்ய வேண்டும். பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி, பின் சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். கனெக்டரைக் கழற்றாமல் சென்சாரைத் திருகினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்பானரை இடப்புறமாகத் திருப்புங்கள். வர மறுத்தால் மல்லுக்கட்டக் கூடாது. சிறிது முறுக்கி, சிறிது இளக்கி, மீண்டும் எண்ணெய் விட்டு முயலுங்கள். குழாயின் மரை போய்விட்டால் ஒர்க்‌ஷாப் செலவு தனி. அப்படியும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் விடுவதே லாபம்.

பொருத்தும் முறை

குழாய் மரையில் உள்ள கரியையும் எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். புதிய சென்சாரின் நுனியைக் கையால் தொடவோ, கீழே போடவோ கூடாது. பல சென்சார்களின் மரையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியே பசை தடவி அனுப்புகிறது. அதன் மேல் வேறெதுவும் தடவ வேண்டாம். பசை இல்லாவிட்டால் இதற்கென விற்கும் பசையை மரையில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் கூடாது.

முதல் மூன்று நான்கு சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். கோணலாக ஏறினால் உடனே எடுத்துவிட்டு நேராக்குங்கள். பிறகு ஸ்பானரால் இறுக்கலாம். பல வண்டிகளுக்கு 35 முதல் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம் சொல்லப்படுகிறது. கால் மீட்டர் நீள ஸ்பானரின் முனையில் சுமார் 16 கிலோ பலத்துடன் இழுப்பது இந்த அளவாகும். உங்கள் வண்டியின் சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் குழாயைத் தொடாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டி, கனெக்டரைச் சத்தம் கேட்கும் வரை அழுத்தி, பாட்டரியை இணைக்க வேண்டும்.

பிறகு ஸ்கேனரால் பழைய எண்ணை அழித்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டிப் பாருங்கள். அதே எண் மீண்டும் வந்தால் ஒயரையும் கசிவையும் மறுபடி தேட வேண்டும். இன்னொரு சென்சார் வாங்க ஓடாதீர்கள்.

சீக்கிரம் கெடாமல் இருக்க

ஹீட்டர் உள்ள நல்ல சென்சார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் உழைக்கக் கூடியது. கலப்படப் பெட்ரோலின் கரியும், எஞ்சின் ஆயில் எரிவதும், குளிர்விக்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். எஞ்சினில் சிலிகான் பசை பூசும்போது, சென்சாருக்குக் கெடுதல் செய்யாதது என்று குறிப்பிட்ட வகையையே வாங்க வேண்டும். வண்டியை வைக்கோற்போர், தானியக் குதிர் அருகில் நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கையும் கூடும் உண்டா என்று பாருங்கள்.

களை எடுக்கும் முன் எது களை, எது பயிர் என்று பார்ப்பது நம் வழக்கம். வண்டிக்கும் அதே வழக்கத்தைக் கைக்கொண்டால் கைப்பணம் மிஞ்சும்; விடியற்காலைச் சந்தைக்கும் வேன் தவறாமல் போய்ச் சேரும்.