வீட்டுக்குள் ஒரு சர்வர் – 7: வாசலில் நிற்கும் விருந்தாளி

சென்ற வாரம் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, கோப்புகளைப் பகிரும் சாம்பா போட்டு, கல்யாண ஆல்பம் முதல் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் வரை அதில் குவித்துவைத்தோம். கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் தேடினால் எல்லாம் வருகிறது. தெருமுனை டீக்கடையில் நின்று மொபைலில் தேடினால் ஒன்றும் வருவதில்லை.

திருவல்லிக்கேணி ஸ்டோர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதாகப் புரியும். தெருவுக்கு ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். எந்தப் போர்ஷன் என்று எழுதாத கடிதத்தோடு வருகிற தபால்காரர் வாசலில் நின்று விழிப்பார். ரவுட்டரும் ஸ்டோர் வீடுதான். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. போதாது என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. ஒரே வெளி முகவரியை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் நாட் என்ற ஏற்பாடு 1994-ல் வந்தது. 192.168 என்று தொடங்கும் எண்களை யாரும் தங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆண்டில் ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டு டிவியும் என் வீட்டு டிவியும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் ஓடுவது இதனால்தான். உள்ளிருந்து போகும் கேள்வியை ரவுட்டர் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் கேட்டவரிடம் சேர்த்துவிடும். யாரும் கூப்பிடாமல் வருகிற விருந்தாளியை எந்தப் போர்ஷனுக்கு அனுப்புவது? தெரியாது, வாசலோடு சரி. இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தால் இவரிடம் அனுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

முதலில் சர்வரின் உள் முகவரியை அசையாமல் நிறுத்துங்கள். ரவுட்டரில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் மேக் எண்ணுக்கு 192.168.1.50 என்று எழுதிவைத்தால் போதும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்த ஒரு நாளில் அந்த எண் வேறு ஏதாவது பெட்டிக்குப் போய்விடும். பிறகு 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றோ 'விர்ச்சுவல் சர்வர்' என்றோ இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். வெளி போர்ட், உள் முகவரி, உள் போர்ட், டிசிபியா யுடிபியா: கேட்பது இவ்வளவுதான். சோதிக்கும்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியைக் கேட்டால் பல ரவுட்டர்கள் குழம்பிவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்து இரண்டு நாள் நான் முட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது வெளிப்பக்க முகவரியை, பார்க்கத் தோன்றியது. 100.72 என்று தொடங்கியது. 'என் ஐபி என்ன' என்று வெளியே கேட்டால் வேறு எண் வந்தது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் புழங்குவதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. இந்த ஏற்பாட்டைச் சிஜிநாட் என்பார்கள். ஒரு வீடு மட்டுமல்ல, பல தெருக்களே ஒரே கதவு எண்ணுக்குப் பின்னால் குடியிருக்கின்றன. அந்தப் பெரிய வாசலில் சீட்டு ஒட்டும் உரிமை நமக்கு இல்லை. வாடிக்கையாளர் சேவையில் விளக்கினேன். "சார், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்கள். மாதக் கட்டணத்தோடு கொஞ்சம் கூட்டிக் கொடுத்து நமக்கு மட்டுமான, மாறாத ஸ்டாட்டிக் ஐபி வாங்கியதும் அடுத்த நிமிடம் கதவு திறந்தது. நீங்கள் வான் முகவரியை முதலிலேயே பாருங்கள், இரண்டு நாள் மிச்சம்.

எந்தக் கதவைத் திறப்பது? சாம்பா இருப்பதால் கை தானாக அது இயங்கும் 445-க்குப் போகும். வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான மருந்தை மார்ச்சிலேயே கொடுத்திருந்தும் பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடங்கின. 21-ல் இயங்கும் எஃப்டிபி, பாஸ்வேர்டைத் தபால் கார்டில் எழுதி அனுப்புகிற ரகம். நமக்கு, எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் இயங்கும் 22 போதும். எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதிய பின்லாந்துக்காரர் டாட்டு யூலோனென், எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்த அந்த எண்ணை 1995-ல் மெயில் அனுப்பிக் கேட்டார், மறுநாளே கொடுத்துவிட்டார்கள். கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி-யும் அதே வழியில் போகும்.

இரவு பத்து மணிக்கு 22-ஐத் திறந்துவிட்டுப் படுத்தேன். காலையில் காபியோடு லாகைப் பார்த்தால் பக்கம் பக்கமாக ஆட்கள்: 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்'. என்னை அறிந்தவர்கள் யாரும் இல்லை, ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டிப் பார்க்கிற ப்ரோகிராம்கள். வெளி போர்ட்டை 50222 ஆக்கியதும் பட்டியல் இளைத்தது. ஆனால் அது பூட்டாகாது. பாஸ்வேர்டில் நுழைவதையே நிறுத்தி, சாவிக் கோப்பு வைத்திருக்கும் என் லேப்டாப்பையும் மொபைலையும் மட்டும் அனுமதித்தேன். 'டெஸ்ட்' இன்னும் தினமும் வந்து போகிறார்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் ஸ்டாட்டிக் ஐபிக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)